விளையாட்டுப் பொறியின் விலை

மஸ்கெலி ஓயாவும் கெசல்கமு ஓயாவும் ஒன்றுகூடிக் களனி கங்கையாகப் பெருகும் மலைநாட்டுப் பகுதியிலே பொல்பிட்டிய மின்நிலையம் அமைந்திருக்கிறது. 75 மெகாவாட் ஆற்றலுக்கென நிறுவப்பட்ட அந்நிலையம் 1969ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. மேலே லக்சபானவில் ஒருமுறை உழைத்து இறங்கிய நீரே இங்கு மற்றொருமுறையும் உழைக்கிறது. நீரைத் தேக்கி மின்சாரம் பெறும் இத்தொழிலுக்கு ஓர் அடிப்படை விதி உண்டு. அணையைக் கட்டுவதற்கும், மலையைக் குடைந்து சுரங்கம் அமைப்பதற்கும், சுழலிகளை நிறுவுவதற்கும் முதலிலே பெரும் பணம் செலவாகிறது. அவை முடிந்த பின்னர் பிறக்கும் ஒவ்வோர் அலகு மின்சாரத்துக்கும் ஆகும் செலவோ மிகச் சிறிது. ஆகவே ஓர் அலகின் விலை யாது என்று ஆராய்பவர் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். முதற்செலவைச் சுமந்தவர் யார்? அணை யாருக்கு உரியது? அச்செலவு எத்தனை அலகுகளின்மேற் பங்கிடப்படுகிறது?

இம்மூன்று கேள்விகளும், அதே மின்சாரத்தால் இயங்குகின்ற ஒரு சிறு பெட்டிக்கும் அப்படியே பொருந்தும். தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் அந்தப் பெட்டியை இளைஞர் 'கேம் பெட்டி' என்பர். நிண்டெண்டோ, பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் என்னும் பெயர்கள் ஹற்றனிலும் நுவரெலியாவிலும் உள்ள பிள்ளைகளுக்கு நன்கு பழக்கமானவை. அப்பெட்டியின் உள்ளே, விரல்நகம் அளவிற் சிலிக்கன் துண்டொன்று இருக்கிறது. பாடசாலை நூல்கள் அதனை முறைவழியாக்கி என்கின்றன. கடைக்காரர் 'புரோசசர்' அல்லது 'சிப்' என்கின்றனர். பெட்டியின் விலை ஏறியதும் இறங்கியதும் பெரும்பாலும் இச்சிப்பைச் செய்பவருக்கும் பெட்டியை விற்பவருக்கும் இடையே நடந்த பேரத்தின் வரலாறேயாகும்.

சிப் உருவாகும் விதத்தைச் சிறிது அறிந்துகொண்டால் அந்த வரலாறு எளிதில் விளங்கும். சிலிக்கனாலான மெல்லிய வட்டத் தகட்டின்மேல், ஒளியின் துணைகொண்டு நுண்ணிய கோடுகள் பதிக்கப்படுகின்றன. ஒரே தகட்டிற் பல நூறு சிப்புகள் ஒருங்கே உருவாகும். பின்பு அவை தனித்தனியே வெட்டியெடுக்கப்படும். தூசியின் ஒரு துகள் விழுந்தாலும் அந்த இடத்துச் சிப் பழுதாகிவிடும். சிப் சிறியதாக இருந்தால் ஒரு தகட்டிலிருந்து கூடுதலான சிப்புகள் கிடைக்கும். பழுதாகும் பங்கும் குறையும். தொழிற்சாலையை அமைக்கவும் சிப்பை வரைந்து வடிவமைக்கவும் ஆகும் செலவு மலைபோன்றது. அதன்பின் செய்யும் ஒவ்வொரு சிப்பின் செலவும் சிறியது. அணைக்கும் அலகுக்கும் உள்ள தொடர்பே இங்கும் காணப்படுகிறது.

உலகிலே கடைக்கு வந்த முதலாவது நுண்முறைவழியாக்கியின் பிறப்பே ஒரு விலைப் பேரத்தோடு கலந்தது. யப்பானைச் சேர்ந்த பிசிக்கொம் என்னும் கணக்குப்பொறிக் கம்பனி, தன் பொறிக்கு வேண்டிய சிப்புகளை அமெரிக்காவின் இன்ரெல் நிறுவனத்திடம் கேட்டது. அதன் விளைவாகப் பிறந்ததே 1971இல் வெளிவந்த 4004 என்னும் சிப். தொடக்கத்தில் அதனை விற்கும் தனியுரிமை பிசிக்கொம்முக்கே இருந்தது. கணக்குப்பொறிச் சந்தையிற் போட்டி மூண்டு விலைகள் சரிந்தபோது, அக்கம்பனி சிப்பின் விலையைக் குறைக்கும்படி வேண்டியது. விலையைக் குறைத்த இன்ரெல், அதற்கு ஈடாகப் பிறருக்கும் அச்சிப்பை விற்கும் உரிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அன்று விலைக்குறைப்பைப் பெற்ற வாங்குபவர், பிற்காலத்தில் ஒரு பேரரசாக வளர்ந்த தொழிலின் திறவுகோலைக் கைவிட்டார். உரிமையை விட்டுக்கொடுத்து மலிவைப் பெறுவதன் உண்மை விலை எத்தகையது என்பதற்கு இஃது ஒரு பழைய சான்று.

அடுத்த சில ஆண்டுகள் சிப் விலை எட்டாத உயரத்திலேயே நின்றது. 1970களின் நடுப்பகுதியில், இன்ரெல் நிறுவனத்தின் 8080 சிப்பொன்றைத் தனியே வாங்குபவர் 360 டொலர் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டில் வைத்து விளையாடும் பெட்டிக்குள் இத்தகைய சிப்பை வைப்பது நினைத்துப்பார்க்கவும் இயலாததாயிருந்தது. அந்நிலையை மாற்றியவர் சக் பெடில் என்னும் பொறியியலாளர். மோட்டொரோலா நிறுவனத்திற் பணியாற்றிய அவர், மலிவான சிப்பொன்றே உலகுக்கு வேண்டியது என வலியுறுத்தினார். மேலாளர் அதனை ஏற்கவில்லை. 1974இல் அவரும் தோழர் சிலரும் விலகி மொஸ் டெக்னொலொஜி என்னும் சிறு கம்பனியிற் சேர்ந்தனர். அவசியமற்ற உறுப்புகளை நீக்கிச் சிப்பைச் சிறிதாக்கினர். அச்சுத் தகடுகளில் எழும் பிழைகளைத் திருத்தும் முறையையும் கையாண்டனர். 1975ஆம் ஆண்டு செப்டெம்பரில் 6502 என்னும் அச்சிப்பை 25 டொலருக்கு விற்றனர். பலர் அவ்விலையை நம்பவே மறுத்தனர்.

மலிவான அந்தச் சிப்பே வீட்டு விளையாட்டுப் பொறிக்கு வழி திறந்தது. 1976இல், சிப் செய்யும் கம்பனியான பெயார்சைல்ட் தானே ஒரு விளையாட்டுப் பொறியைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. ஜெரி லோசன் என்னும் கறுப்பினப் பொறியியலாளர் அம்முயற்சிக்குத் தலைமை தாங்கினார். ஆட்டப் பெட்டிகளை மாற்றி மாற்றிச் செருகும் வழக்கம் அப்பொறியுடனேயே தொடங்கியது. ஆயினும் பெரும்புகழ் அற்றாரி கம்பனிக்கே கிடைத்தது. 6502 சிப்பிலிருந்து கால்களைக் குறைத்து மேலும் மலிவாக்கிய 6507 சிப்பைக் கொண்டு, 1977இல் அது 199 டொலருக்குத் தன் பொறியை விற்றது. அதன் நினைவகம் 128 பைற்று மாத்திரமே. நினைவகம் விலைமிக்கதாயிருந்த காலம் அது. ஒவ்வொரு பைற்றும் பணமாக எண்ணப்பட்டது.

அந்நாளில் இலங்கையிலே தொலைக்காட்சி ஒளிபரப்பே இல்லை. அது 1979இலேயே தொடங்கியது. பொல்பிட்டிய நிலையம் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே மின்சாரம் பிறப்பித்துக்கொண்டிருந்தது. எனினும் அம்மின்சாரம் தோட்டங்களின் லயன் வீடுகளுக்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கியது. ஆற்றுக்கும் அணைக்கும் அருகில் வாழ்ந்த மக்களின் பிள்ளைகளோ குப்பி விளக்கின் ஒளியிற் பாடம் படித்தனர். ஒரு தொழிலின் சுமையைத் தாங்குபவரும் அதன் பயனை முதலில் நுகர்பவரும் வேறுவேறானவர் என்பதை மலைநாட்டவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

யப்பானில் நிண்டெண்டோ செய்த பேரம், அலகுகளின் எண்ணிக்கை விலையை எவ்வாறு ஆளுகின்றது என்பதைக் காட்டுகிறது. அக்கம்பனியின் தலைவர் ஹிரோசி யமவுச்சி, எவரும் போட்டியிட முடியாத விலையிற் பொறியொன்று வேண்டுமெனத் தம் பொறியியலாளர் மசயுகி உவெமுராவைப் பணித்தார். சிப் செய்யும் கம்பனிகள் தயங்கின. போதிய வேலையின்றிச் சிப் தொழிற்சாலையொன்றை வைத்திருந்த ரிக்கோ கம்பனி மட்டும் இணங்கியது. சிப்பொன்றுக்கு 2,000 யென்னுக்குமேற் கொடுக்க இயலாது என்றார் யமவுச்சி. அதற்கு ஈடாக இரண்டு ஆண்டுகளில் 30 இலட்சம் சிப்புகளை வாங்குவதாக வாக்களித்தார். அத்தனை பொறிகள் விற்பனையாகும் என்று அந்நாளில் நம்பியவர் அரியர். 1983ஆம் ஆண்டு ஜூலையில் அப்பொறி 14,800 யென் விலைக்கு வெளிவந்து பெருவெற்றி கண்டது. அதன் உள்ளே இருந்ததும் 6502 சிப்பின் வழிவந்த ஒன்றே. பிற்காலத்தில் அதன் உறுப்புகள் யாவற்றையும் ஒரே சிப்பில் அடக்கிப் போலிப் பொறிகள் செய்யப்பட்டன. தெற்காசிய நகரங்களின் கடைத்தெருக்களில் 'ரி.வி. கேம்' என்று குறைந்த விலைக்கு விற்கப்பட்டவற்றுட் பல அவ்வகையைச் சேர்ந்தவையே. வடிவமைப்பின் செலவு என்றோ தீர்ந்துபோனதால் ஏழை வீட்டுப் பிள்ளைகளின் கைகளுக்கும் அவை எட்டின.

1990களில் சோனி கம்பனி மற்றொரு பாடத்தைக் கற்பித்தது. பொறியை முதலில் இலாபமின்றி விற்றாலும், ஆண்டுதோறும் சிப்புகளைச் சுருக்கியும் ஒன்றோடொன்று இணைத்தும் செலவைக் குறைக்கலாம். ஆட்டங்களின் விற்பனையிலிருந்து பொருள் ஈட்டலாம் என்பதே அது. 1995இல் அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் 299 டொலருக்கு வந்தது. போட்டியாளரான சேகாவின் பொறியோ இரண்டு ஹிற்றாச்சி முறைவழியாக்கிகளையும் வேறு பல சிப்புகளையும் சுமந்து 399 டொலருக்கு விற்கப்பட்டது. அதன் செலவைக் குறைப்பது கடினமாயிற்று. பிளேஸ்டேஷனின் விலை 1996இல் 199 டொலராகவும், 1997இல் 149 டொலராகவும், 1999இல் 99 டொலராகவும் இறங்கியது. அதன்பின் 2000ஆம் ஆண்டில் வந்த இரண்டாவது பிளேஸ்டேஷனும் இதே வழியிற் சென்றது. 299 டொலரில் தொடங்கி 2009இல் 99 டொலருக்கு இறங்கிய அப்பொறி, உலகெங்கும் 15 கோடிக்குமேல் விற்பனையாயிற்று. ஓரிரு ஆண்டுகள் பொறுத்திருந்தால் விலை குறையும் என்னும் நம்பிக்கை இக்காலத்திலேயே மக்கள் மனத்தில் வேரூன்றியது.

அணை தனதல்லாதவன் படும் பாட்டை மைக்ரோசொவ்ற் கம்பனி உணர்ந்தது. 2001இல் அது தன் எக்ஸ்பொக்ஸ் பொறியை 299 டொலருக்கு விற்றது. முறைவழியாக்கி இன்ரெல் கம்பனியுடையது. படம் வரையும் சிப் என்விடியா கம்பனியுடையது. அவற்றின் வடிவமைப்புகள் மைக்ரோசொவ்றுக்கு உரியவையல்ல. ஆகவே அவற்றை வேறு தொழிற்சாலையில் மலிவாகச் செய்விக்கவோ, ஒன்றாக இணைத்துச் சுருக்கவோ அதனால் இயலவில்லை. 2002இல் போட்டியின் காரணமாகப் பொறியின் விலையை 199 டொலராகக் குறைக்க நேர்ந்தபோது சிப்புகளின் விலை அதற்கேற்ப இறங்கவில்லை. என்விடியாவுடன் எழுந்த விலைத்தகராறு நடுவரிடம் சென்று, 2003இல் இணக்கத்தில் முடிந்தது. அடுத்த பொறியைச் செய்யும்போது மைக்ரோசொவ்ற் வேறு வழியை மேற்கொண்டது. ஐ.பி.எம்., ஏ.ரி.ஐ. ஆகிய கம்பனிகளிடம் வடிவமைப்புகளை உரிமையுடன் பெற்று, தான் விரும்பிய தொழிற்சாலையிற் சிப்புகளைச் செய்வித்தது. 2010இல் அவ்விரண்டு சிப்புகளும் ஒரே சிப்பாக இணைக்கப்பட்டன.

எனினும் அணையைத் தானே கட்ட முனைபவனுக்கும் இடர் உண்டு. சோனி, தோஷிபா, ஐ.பி.எம். ஆகிய மூன்று கம்பனிகளும் கூடி 'செல்' என்னும் புதிய முறைவழியாக்கியை உருவாக்கின. அதன் வடிவமைப்புப் பணிக்கென 2001இல் அறிவிக்கப்பட்ட தொகை 40 கோடி டொலர். எட்டுத் துணை உறுப்புகள் கொண்ட அச்சிப்பில், ஏழு மட்டுமே விளையாட்டுப் பொறியிற் பயன்பட்டன. ஓர் உறுப்புப் பழுதானாலும் சிப்பை வீசிவிடாமற் பயன்படுத்தலாம் என்பதே காரணம். இத்தகைய சிக்கனம் இருந்தும், 2006இல் மூன்றாவது பிளேஸ்டேஷன் 499, 599 டொலர் என்னும் விலைகளில் வந்தது. ஒவ்வொரு பொறியையும் செய்ய 800 டொலருக்குமேல் ஆயிற்று எனச் சந்தை ஆய்வாளர் அக்காலத்தில் மதிப்பிட்டனர். வேறு பயன்களுக்கும் பெருமளவில் விற்கலாம் என எதிர்பார்த்த சிப், அவ்வளவு விற்பனையாகவில்லை. எதிர்பார்த்த அலகுகள் பிறக்காதபோது முதற்செலவின் பாரம் ஒவ்வொரு பெட்டியின்மேலும் ஏறியமர்ந்தது.

இந்த அனுபவத்தின் பின் பொறி விற்பவர் யாவரும் அடக்கமான வழிக்குத் திரும்பினர். 2013இல் வெளிவந்த நான்காவது பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பொக்ஸ் வன் பொறிக்கும் ஏ.எம்.டி. என்னும் ஒரே கம்பனியே சிப் வழங்கியது. கணினிச் சந்தையில் அப்போது நலிவுற்றிருந்த ஏ.எம்.டி., சிறிய இலாபத்துக்கும் உடன்பட்டது. அத்தொகைக்கு அவ்வேலை தகுதியானதன்று என என்விடியா ஒதுங்கிக்கொண்டது. ஏ.எம்.டி. தனது தொழிற்சாலைகளை 2009இலேயே தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. நாளடைவில் உலகின் நுட்பமான சிப்புகளுட் பெரும்பாலானவற்றை அச்சிடும் பணி, 1987இல் மொரிஸ் சாங் தாய்வானில் நிறுவிய ரி.எஸ்.எம்.சி. என்னும் ஒரே கம்பனியின் கைகளிற் குவிந்தது. வடிவமைப்பவர் ஒருவர், அச்சிடுபவர் வேறொருவர், விற்பவர் மற்றொருவர் என்றாகியது இத்தொழில்.

இதன் பின்னரே பழைய நம்பிக்கை தளர்ந்தது. கோடுகள் மேலும் நுண்மையாகும்போது சிப் மலிவாகும் என்ற விதி வலுவிழந்தது. நுண்மையான கோடுகளைப் பதிக்கும் இயந்திரங்களின் செலவு அந்த இலாபத்தை விழுங்கலாயிற்று. 2020இல் ஐந்தாவது பிளேஸ்டேஷன் 399, 499 டொலர் விலைகளில் வந்தபோது, கொள்ளைநோய்க் காலத்துச் சிப் தட்டுப்பாட்டால் அது கிடைப்பதே அரிதாயிருந்தது. ஈராண்டு கழித்து விலை இறங்கும் என எதிர்பார்த்திருந்தவர் ஏமாந்தனர். 2022ஆம் ஆண்டு ஓகஸ்டில், ஐரோப்பாவிலும் யப்பானிலும் வேறு பல நாடுகளிலும் சோனி அதன் விலையை உயர்த்தியது. 2025ஆம் ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்காவிலும் 50 டொலர் உயர்ந்தது. வயதாக ஆக மலிவடைந்துவந்த பண்டம், வயதாக ஆக விலையேறும் பண்டமாயிற்று.

இந்த மாற்றம் ஒரு தோட்டக் குடும்பத்துக்கு என்ன பொருள் தருகின்றது என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அப்போது ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. 499 டொலர் பெறுமதியான பொறி, ஏறத்தாழ 100 நாள் உழைப்புக்குச் சமமாயிருந்தது. 2022ஆம் ஆண்டு நடுப்பகுதியில் டொலர் 360 ரூபாவை எட்டியது, சம்பளமோ மாறவில்லை. அதே பொறி, அதே டொலர் விலையில், 180 நாள் உழைப்பைக் கேட்டது. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. டொலரும் 300 ரூபாவளவுக்கு இறங்கியது. அப்போதும் 111 நாள் உழைப்பு வேண்டும். கப்பற்கூலியும் வரியும் வணிகரின் இலாபமும் இக்கணக்கிற் சேரவில்லை. கொழுந்து பறிக்கும் கைகள், டொலரின் ஏற்றத்தையும் சுமக்கின்றன. எங்கோ நடந்த சிப் பேரத்தின் பாரத்தையும் சுமக்கின்றன.

விளையாட்டுத்தானே, வாங்காமல் விட்டால் என்ன என்று கேட்பார் உளர். ஆனால் விளையாட்டுப் பொறியின் சிப் தனித்த பிறவியன்று. பிள்ளைகள் பாடம் கேட்கும் கைபேசியும், மருத்துவமனையின் கருவியும், வங்கியின் இயந்திரமும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் விலையையும் அதே மூன்று கேள்விகளே ஆள்கின்றன.

அண்டைநாட்டுத் தமிழகத்திலே இதற்கு விடை தேடும் முயற்சியொன்று நடந்துவருகிறது. அமெரிக்காவின் பேர்க்கிளிப் பல்கலைக்கழகத்தார் 2010இல் தொடங்கிய 'றிஸ்க் - ஐந்து' என்னும் கட்டளைத் தொகுதி, உரிமைக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தக் கூடியது. அதனை அடிப்படையாகக் கொண்டு, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பேராசிரியர் காமகோடியின் தலைமையில் 'சக்தி' என்னும் முறைவழியாக்கிகள் வடிவமைக்கப்பட்டன. 2018இல் அவற்றுள் ஒன்று அமெரிக்காவில் இன்ரெல் தொழிற்சாலையிலும், மற்றொன்று சண்டிகார் அருகேயுள்ள இந்திய அரசின் சிப் தொழிற்சாலையிலும் அச்சிடப்பட்டன. இவை விளையாட்டுப் பொறிக்குரிய பெருஞ்சிப்புகள் அல்ல. எனினும் வடிவமைப்பு எவருக்கு உரியது என்னும் கேள்விக்குத் தமிழ்நாட்டு மாணவர் தம் கையால் எழுதிய விடை என்னும் சிறப்பு அவற்றுக்கு உண்டு. அந்தப் பணிக்கு முதலில் வேண்டியிருந்தது தொழிற்சாலையன்று. கணிதமும் பௌதிகமும் தேர்ந்த இளைஞர் கூட்டமேயாகும்.

பொல்பிட்டியவில் நீர் விழுகின்ற ஒலியைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு இவ்வரலாறு சொல்லும் செய்தி எளியது. மலைநாட்டு நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கனவு கண்ட பொறியியலாளர் விமலசுரேந்திரவின் திட்டம் பல ஆண்டுகள் ஏட்டளவிலேயே கிடந்தது. லக்சபானவில் முதல் நிலையம் 1950இலேயே இயங்கத் தொடங்கியது. சிப் வடிவமைக்கும் கல்வியும் அத்தகைய நெடிய பொறுமையை வேண்டுவது. ஆயினும் அதற்கு ஆற்றை மறிக்க வேண்டியதில்லை. ஊரை நீருள் மூழ்கச் செய்ய வேண்டியதுமில்லை. தோட்டப் பாடசாலையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இருப்பதும், அப்பாடங்களைக் கற்கும் பிள்ளை இடையில் நின்றுவிடாதிருப்பதுமே அதன் அத்திவாரம். அந்த அத்திவாரம் இடப்படுமாயின், விலைச்சீட்டைப் பார்த்துப் பெருமூச்செறியும் பிள்ளைகளுள் ஒருவரேனும் ஒருநாள் அவ்விலையை நிர்ணயிக்கும் மேசையின் முன் அமரக்கூடும்.